யூரின் சாம்பிள்: சரியாக எடுப்பதும் கெடாமல் கொடுப்பதும்

ரத்தப் பரிசோதனைக்கு ஊசி குத்துபவர் பயிற்சி பெற்றவர். எந்தக் குழாயில் எவ்வளவு எடுக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். சிறுநீர்ப் பரிசோதனையில் அந்த வேலை முழுவதும் நோயாளியின் கைக்கு வந்துவிடுகிறது. கவுன்டரில் ஒரு டப்பாவைக் கொடுத்து, பாத்ரூம் இருக்கும் பக்கம் கையைக் காட்டுவார்கள். பெரும்பாலும் விளக்கம் அவ்வளவுதான். ஆனால் ரிப்போர்ட்டில் வரும் பல குழப்பங்களுக்குக் காரணம் அந்த ஐந்து நிமிடத்திலும் அதற்குப் பிறகு வரும் ஓரிரு மணி நேரத்திலும்தான் இருக்கிறது. இல்லாத தொற்றுக்கு ஆன்டிபயாடிக் சாப்பிடுவதும், இருக்கும் தொற்று கண்ணில் படாமல் போவதும் இங்கே தொடங்குகின்றன. ஆகவே இதைக் கொஞ்சம் பொறுமையாகத் தெரிந்துகொள்வது நல்லது.

எந்த டெஸ்ட் என்று முதலில் கேளுங்கள்

‘யூரின் டெஸ்ட்’ என்ற ஒரே பெயரில் பல பரிசோதனைகள் நடக்கின்றன. ‘யூரின் ரொட்டீன்’ என்பதில் சிறுநீரின் நிறமும் கலங்கலும் பார்க்கப்படும். பிறகு ரசாயனம் தோய்ந்த ஸ்ட்ரிப் ஒன்றை நனைத்து சர்க்கரை, புரதம், கீட்டோன், ரத்தம் போன்றவற்றைப் பார்ப்பார்கள். மீதியைச் சுழற்றி அடியில் படிவதை மைக்ரோஸ்கோப்பில் வைத்து சீழ் செல்கள், சிவப்பணுக்கள், படிகங்கள் எண்ணப்படும். ‘கல்ச்சர்’ என்றால் சிறுநீரில் உள்ள கிருமியை வளர்த்து, அது எது, எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்று கண்டுபிடிப்பது. சிறுநீரகத்தில் அல்புமின் என்ற புரதம் கசிகிறதா என்று பார்க்க அல்புமின்–கிரியேட்டினின் விகிதம். இவை தவிர கர்ப்பப் பரிசோதனை, 24 மணி நேரச் சேகரிப்பு, பால்வினைத் தொற்றுகளுக்கான பரிசோதனை, புற்றுநோய் செல்களைத் தேடும் சைட்டாலஜி என்று வேறு பலவும் உண்டு. ஒன்றுக்குச் சரியான சாம்பிள் இன்னொன்றுக்குப் பயன்படாமல் போகலாம்.

பொதுவாகக் கேட்கப்படுவது காலையில் எழுந்ததும் போகும் முதல் சிறுநீர். இரவு முழுவதும் தண்ணீர் குடிக்காததால் அது அடர்த்தியாக இருக்கும். குறைந்த அளவில் இருக்கும் புரதமோ கர்ப்ப ஹார்மோனோ அதில் தவறாமல் தெரியும். இன்னொரு காரணமும் உண்டு. சில பாக்டீரியாக்கள் சிறுநீரில் உள்ள நைட்ரேட்டை நைட்ரைட்டாக மாற்றும். ஸ்ட்ரிப்பில் இருக்கும் நைட்ரைட் கட்டம் அதைத்தான் தேடுகிறது. அந்த மாற்றம் நடக்கச் சிறுநீர் பைக்குள் குறைந்தது 4 மணி நேரமாவது தங்கியிருக்க வேண்டும். அரை மணிக்கு ஒருமுறை போய்க்கொண்டிருப்பவருக்குத் தொற்று இருந்தாலும் அந்தக் கட்டம் நிறம் மாறாமலே இருக்கலாம்.

சைட்டாலஜிக்கு மட்டும் இந்த வழக்கம் பொருந்தாது. இரவெல்லாம் சிறுநீரில் ஊறிய செல்கள் சிதைந்துவிடும் என்பதால் அன்றைய இரண்டாவது சிறுநீரையே கேட்பார்கள்.

சாம்பிள் சீக்கிரம் வரவேண்டும் என்று ஒரு லிட்டர் தண்ணீரை மடமடவென்று குடிக்காதீர்கள். சிறுநீர் வெறும் தண்ணீர்போல ஆகிவிடும். கிருமியின் எண்ணிக்கையும் புரதத்தின் அளவும் குறைவாகத் தெரியும். ஒரு டம்ளர் போதும்.

டப்பா

அகன்ற வாய், இறுக்கமாகத் திருகும் மூடி, 50 முதல் 100 மி.லி. கொள்ளளவு: இதுதான் வேண்டியது. வீட்டிலிருந்து ஜாம் பாட்டிலிலோ தேன் பாட்டிலிலோ பிடித்து வருவது இன்னும் சில இடங்களில் நடக்கிறது. ஓரத்தில் ஒட்டியிருக்கும் தேனில் குளுக்கோஸ் இருக்கிறது. ஸ்ட்ரிப்பில் சர்க்கரைக் கட்டம் நிறம் மாற அது போதும். பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவிய பாட்டில் என்றால், அதில் தங்கிய குளோரின் ‘ரத்தம் இருக்கிறது’, ‘சர்க்கரை இருக்கிறது’ என்று இரண்டு கட்டங்களிலும் பொய் காட்டும். லேப் கொடுக்கும் டப்பாவைத் தவிர வேறு எதுவும் வேண்டாம்.

கல்ச்சருக்குத் தருவது கிருமி நீக்கிய, சீல் வைத்த டப்பா. சிறுநீர் பிடிக்கும் நொடி வரை அதைத் திறக்கக் கூடாது. மூடியைக் கீழே வைக்க நேர்ந்தால் உள்பக்கம் மேலே பார்க்கும்படி வையுங்கள். விரல் மூடியின் உள்பக்கத்திலோ டப்பாவின் விளிம்பிலோ படக் கூடாது. அப்படிப் பட்டுவிட்டால் கூச்சப்படாமல் வேறு டப்பா கேட்டு வாங்குங்கள். அளவைப் பொறுத்தவரை 20 முதல் 30 மி.லி. தாராளம். ரொட்டீனுக்குச் சுழற்றும் அளவே 10 முதல் 12 மி.லி.தான். விளிம்பு வரை நிரப்பினால் வழியில் கசிந்து மேலே ஒட்டிய பெயரை அழித்துவிடும்.

நடுப்பகுதிச் சிறுநீர்: ஏன், எப்படி

கல்ச்சருக்கும், முடிந்தவரை ரொட்டீனுக்கும் வேண்டியது சிறுநீரின் நடுப்பகுதி. சிறுநீர் வெளியேறும் குழாயின் கடைசிப் பகுதியிலும் அதைச் சுற்றியுள்ள தோலிலும் பாக்டீரியாக்கள் எப்போதும் குடியிருக்கும். ஆரோக்கியமானவருக்கும் அப்படித்தான், அது நோயே இல்லை. முதலில் வரும் சிறுநீர் அவற்றை அடித்துக்கொண்டு வெளியே வரும். அதை விட்டுவிட்டுப் பிறகு வருவதைப் பிடித்தால்தான் பைக்குள் என்ன இருக்கிறது என்பது தெரியும்.

பெண்கள் முதலில் சோப்புப் போட்டுக் கையைக் கழுவி ஈரம் போகத் துடைத்துக்கொள்ள வேண்டும். கால்களை நன்றாக அகற்றி உட்கார்ந்து, ஒரு கையின் இரண்டு விரல்களால் பிறப்புறுப்பின் இதழ்களை விலக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள். சுத்தமான தண்ணீரில் நனைத்த பஞ்சால் அல்லது காஸ் துணியால் முன்னிருந்து பின்னாகத் துடையுங்கள். ஒவ்வொரு முறைக்கும் புதிய துண்டு. பின்னிருந்து முன்னே துடைத்தால் ஆசனவாய்ப் பகுதிக் கிருமிகளை நீங்களே கொண்டுவந்து சேர்த்ததாகிவிடும். பாத்ரூம் வாளியில் மிதக்கும் மக்கின் தண்ணீர் இதற்கு வேண்டாம். குழாயைத் திறந்து நேரடியாகப் பிடியுங்கள். டெட்டால் போன்ற கிருமிநாசினிகளும் வேண்டாம். அதில் சில துளிகள் டப்பாவில் விழுந்தால் நாம் தேடும் பாக்டீரியாவும் செத்துவிடும். சோப்பு உபயோகித்தால் துளியும் மிச்சமில்லாமல் அலசிவிடுங்கள்.

இனிதான் முக்கியமான இடம். இதழ்களை விலக்கிய விரல்களை எடுக்காமலே சிறுநீர் கழிக்கத் தொடங்குங்கள். முதல் இரண்டு, மூன்று நொடி வருவது கழிப்பறைக்குள் போகட்டும். ஓட்டம் நிற்பதற்குள் டப்பாவை அதன் குறுக்கே நீட்டுங்கள். மூன்றில் ஒரு பங்கு நிறைந்ததும் டப்பாவை வெளியே எடுத்துவிட்டு, மீதியைக் கழிப்பறையிலேயே முடியுங்கள். கடைசிச் சொட்டுகளைப் பிடிக்க வேண்டாம். டப்பா தோலிலோ முடியிலோ உடையிலோ படக் கூடாது. இந்தியப் பாணிக் கழிப்பறையில் குந்தி உட்கார்ந்து இதைச் செய்வது முதியவர்களுக்கும் நிறைமாதக் கர்ப்பிணிகளுக்கும் சிரமம். வெஸ்டர்ன் டாய்லெட் இருக்கிறதா என்று கேட்பதும், வீட்டுப் பெண் ஒருவர் துணைக்கு உள்ளே போவதும் சாம்பிளின் தரத்தை உண்மையிலேயே உயர்த்தும்.

ஆண்களுக்கு வேலை எளிது. முன்தோலைப் பின்னால் தள்ளி, நுனியைத் தண்ணீரால் கழுவித் துடைத்துவிட்டு, அதே முறையில் நடுப்பகுதியைப் பிடிக்க வேண்டும். முடிந்ததும் முன்தோலை மறக்காமல் பழைய இடத்துக்கு இழுத்துவிடுங்கள். பின்னாலேயே விட்டுவிட்டால் அது இறுகி வீங்கிக்கொள்ளும். அவசர சிகிச்சை தேவைப்படும் அளவுக்குப் போகலாம். படுக்கையில் இருக்கும் முதியவர்களுக்கு மற்றவர்கள் சாம்பிள் எடுக்கும்போது இது நடந்துவிடுகிறது.

மாதவிடாய் நாட்களில், அவசரம் இல்லையென்றால் பரிசோதனையைச் சில நாள் தள்ளிப்போடுவதே சரி. தள்ள முடியாதென்றால் டாம்பூன் வைத்துக்கொண்டு சாம்பிள் எடுத்து, சீட்டில் ‘மாதவிடாய்’ என்று எழுதச் சொல்லுங்கள். எழுதாமல் விட்டால் சிவப்பணுக்களைப் பார்த்து, கல் இருக்கிறதா, கட்டி இருக்கிறதா என்று ஸ்கேன் வரை போக நேரும். வெள்ளைப்படுதல் இருந்தாலும் சொல்லிவிடுங்கள். அதிலிருந்து சீழ் செல்கள் கலக்கும்.

சாம்பிள் சரியாக எடுக்கப்பட்டதா என்பதை ரிப்போர்ட்டே சொல்லும். ‘எபிதீலியல் செல்கள்’ என்ற வரியைப் பாருங்கள். அவற்றில் தட்டையானவை வெளித்தோலையும் யோனியையும் சேர்ந்தவை. அவை நிறைய என்றிருந்தால், அந்தச் சாம்பிளில் சிறுநீர்ப்பையின் செய்தியோடு தோலின் செய்தியும் கலந்துவிட்டது என்று பொருள்.

நேர் எதிரான ஒரு டெஸ்ட்டும் உண்டு. கிளமிடியா, கொனோரியா என்ற பால்வினைத் தொற்றுகளை மரபணு முறையில் தேடும்போது, குழாயின் உள்சுவரில் இருப்பதுதான் வேண்டும். அதற்குக் குறைந்தது ஒரு மணி நேரம் சிறுநீர் கழிக்காமல் இருந்து, கழுவாமல், முதலில் வரும் 20 முதல் 30 மி.லி.யை மட்டும் பிடிக்க வேண்டும். இங்கே நடுப்பகுதியைக் கொடுத்தால் தொற்று தப்பிவிடக்கூடும்.

இரண்டு மணி நேரம்

சாதாரண அறை வெப்பத்தில் சிறுநீரை வைத்திருக்கலாம் என்று லேப்கள் ஏற்கும் எல்லை 2 மணி நேரம். எல்லா விதிகளிலும் அதிகம் மீறப்படுவது இதுதான். எனவே, அந்த டப்பாவுக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம்.

சிறுநீர்த் தொற்றுக்கு அதிகம் காரணமான ஈ.கோலை பாக்டீரியா சாதகமான சூழலில் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். அதன்படி ஒரு மணி நேரத்தில் 8 மடங்கு, இரண்டு மணி நேரத்தில் 64 மடங்கு. தோலிலிருந்து தவறி விழுந்தவை மி.லி.க்கு 1,000 என்று வைத்துக்கொண்டால் இரண்டு மணி நேரத்தில் 64,000. இன்னொரு முறை இரட்டித்தால் ஒரு லட்சத்தைத் தாண்டிவிடும். டப்பாவுக்குள் வேகம் இதைவிடக் குறையலாம், பெருகுவது நிற்காது. ஒரு லட்சம் என்ற எண்ணுக்கு இங்கே தனி மதிப்பு உண்டு. மி.லி.க்கு ஒரு லட்சமும் அதற்கு மேலும் என்றால் உண்மையான தொற்று என்பது 1950களில் அமெரிக்க மருத்துவர் எட்வர்ட் காஸின் ஆய்விலிருந்து வந்த அளவுகோல். அறிகுறிகள் தெளிவாக இருந்தால் அதற்குக் குறைந்த எண்ணிக்கையையும் இன்று மருத்துவர்கள் பொருட்படுத்துகிறார்கள் என்றாலும், ரிப்போர்ட்டைப் படிப்பது இன்னும் பெரும்பாலும் இந்த எல்லையை வைத்துத்தான்.

லேப்பில் இதை எண்ணும் முறையும் நுட்பமானது. ஒரு மைக்ரோ லிட்டர், அதாவது மி.லி.யில் ஆயிரத்தில் ஒரு பங்கு மட்டும் எடுக்கும் சிறு வளையத்தால் சிறுநீரைத் தொட்டு, வளர்தட்டில் இழுத்து, ஓர் இரவு வைப்பார்கள். மறுநாள் 100 புள்ளிகள் வளர்ந்திருந்தால் மி.லி.க்கு ஒரு லட்சம். ஒரு புள்ளி அதிகமானால் கணக்கில் ஆயிரம் கூடும். நீங்கள் தாமதித்த ஒவ்வொரு அரை மணியும் இப்படித்தான் எண்ணாக மாறுகிறது. சென்னையிலோ மதுரையிலோ மே மாத மதியத்தில் ஸ்கூட்டர் பெட்டிக்குள் வைத்த டப்பா, ஈ.கோலைக்கு மிகவும் பிடித்த 37 டிகிரியை எளிதில் எட்டிவிடும். 2 மணி நேரம் என்ற எல்லை அங்கே செல்லாது.

ரொட்டீன் டெஸ்ட்டிலும் சேதம் குறைவில்லை. சில கிருமிகள் யூரியாவை உடைத்து அம்மோனியா ஆக்கும். நேரம் கழித்துத் திறந்தால் மூக்கைத் துளைக்கும் வாடை அதுதான். அம்மோனியாவால் சிறுநீர் காரத் தன்மைக்கு மாறும். அதில் செல்களும், சிறுநீரக நோயைக் காட்டிக்கொடுக்கும் ‘காஸ்ட்’ எனப்படும் குழாய் வடிவத் துணுக்குகளும் கரைந்து போகும். பாக்டீரியா சர்க்கரையைத் தின்றுவிடுவதால் குளுக்கோஸ் குறையும். கீட்டோன்களில் ஒன்றான அசிட்டோன் ஆவியாகும். மஞ்சள் காமாலையைக் காட்டும் பிலிருபின், வெளிச்சம் பட்டால் வேறொன்றாக மாறிவிடும். அதனால்தான் டப்பாவை ஜன்னலோரம் வைக்கக் கூடாது.

உடனே கொடுக்க முடியாதென்றால் ஃபிரிட்ஜ். 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் கல்ச்சர் சாம்பிளை 24 மணி நேரம் வரை வைக்கலாம். டப்பாவை இறுக மூடி, ஒரு பிளாஸ்டிக் கவரில் கட்டி, உணவுப் பொருள்களிலிருந்து ஒதுக்கி உள்தட்டில் வையுங்கள். கதவில் உள்ள தட்டு அடிக்கடி சூடேறும். ஃப்ரீசரில் வைக்கக் கூடாது. உறைந்து உருகும்போது செல்கள் வெடித்துவிடும். குளிர்ந்த சிறுநீர் சில நேரம் கலங்கி, அடியில் இளஞ்சிவப்பாகவோ வெண்மையாகவோ படியும். பயப்பட வேண்டாம், குளிரில் உப்புகள் பிரிவதால் வருவது அது. ஸ்ட்ரிப்பில் நடக்கும் வினைகள் குளிரில் மெதுவாகும் என்பதால் லேப்பில் அதை அறை வெப்பத்துக்குக் கொண்டுவந்த பிறகே நனைக்க வேண்டும். மைக்ரோஸ்கோப் பரிசோதனைக்கு மட்டும், ஃபிரிட்ஜில் வைத்ததைவிட லேப்பிலேயே பிடித்த புதுச் சிறுநீர் எப்போதும் மேல்.

தொலைவிலிருந்து அனுப்ப, போரிக் அமிலம் போட்ட டப்பாக்கள் உண்டு. அது பாக்டீரியாவைக் கொல்லாமல், பெருகவிடாமல் நிறுத்தி வைக்கும். டப்பாவில் போட்டிருக்கும் கோடு வரை கட்டாயம் நிரப்ப வேண்டும். பாதி மட்டும் நிரப்பினால் அமிலத்தின் அடர்த்தி இரட்டிப்பாகி, கிருமிகளைக் கொல்லத் தொடங்கிவிடும். அந்தத் தூளைக் கொட்டிக் கழுவிவிட்டுச் சிறுநீர் பிடிப்பவர்களும் இருக்கிறார்கள். அது அங்கே இருக்க வேண்டிய பொருள்.

24 மணி நேரச் சேகரிப்பு

சிறுநீரகக் கல், சில ஹார்மோன் கோளாறுகள், உடலிலிருந்து வெளியேறும் மொத்தப் புரதம் ஆகியவற்றுக்கு ஒரு முழு நாளின் சிறுநீரைக் கேட்பார்கள். தவறு நடப்பது பெரும்பாலும் தொடக்கத்தில்தான். காலை 6 மணிக்குத் தொடங்குவதாக இருந்தால், 6 மணிக்குப் போகும் சிறுநீரைக் கழிப்பறையிலேயே விட்டுவிட வேண்டும். அது முந்தைய இரவின் கணக்கு. நேரத்தைக் கேனில் எழுதிவிட்டு, அடுத்த முறையிலிருந்து பகலும் இரவும் ஒரு துளி விடாமல் சேர்த்து, மறுநாள் காலை 6 மணிக்குப் போவதையும் சேர்த்து முடிக்க வேண்டும். இரண்டு காலைச் சிறுநீரையும் சேர்த்துவிட்டால் அது 30 மணி நேரத்துக்கும் மேலான கணக்காகிவிடும். முடிவு வீணாகக் கூடிக் காட்டும். மலம் கழிக்கப் போகும்போது முதலில் சிறுநீரைப் பிடித்துக்கொள்ளுங்கள். நடுவில் ஒரே ஒரு முறை மறந்து கழிப்பறையில் விட்டாலும், மறுநாள் புதிதாகத் தொடங்குவதுதான் நேர்மையான வழி.

கேன் முழு நேரமும் குளிர்ச்சியில் இருக்க வேண்டும். ஃபிரிட்ஜில் இடமில்லையென்றால் ஐஸ் போட்ட வாளி. கால்சியம், ஆக்சலேட் போன்றவற்றுக்கான கேனில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஊற்றித் தருவார்கள். கேனில் நேரடியாகச் சிறுநீர் கழிக்கக் கூடாது. தெறித்தால் தோல் வெந்துவிடும், ஆவி கண்ணை எரிக்கும். ஒரு சுத்தமான பிளாஸ்டிக் ஜக்கில் பிடித்து, முகத்தைத் தள்ளி வைத்து, மெதுவாக ஊற்றுங்கள். கேனைக் குழந்தைகளுக்கு எட்டாமல் வையுங்கள். யூரிக் அமில டெஸ்ட்டுக்கு இந்த அமிலக் கேன் உதவாது. அமிலத்தில் யூரிக் அமிலம் படிகமாகி அடியில் தங்கிவிடும். டெஸ்ட்டுக்கு ஒரு கேன் என்று கொடுத்தால், ‘எல்லாவற்றையும் ஒன்றிலேயே போட்டுவிடலாமே’ என்று நினைக்கக் கூடாததற்குக் காரணம் இதுதான்.

சேகரிப்பு முழுமையா என்று லேப் சரிபார்க்க ஒரு வழி உண்டு. தசைகளிலிருந்து வரும் கிரியேட்டினின் தினமும் ஏறக்குறைய ஒரே அளவில் வெளியேறும்: நடுவயது ஆண்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 20 முதல் 25 மி.கி., பெண்களுக்கு 15 முதல் 20 மி.கி. 60 கிலோ ஆணுக்கு 1,200 முதல் 1,500 மி.கி. வர வேண்டும். 700 மட்டுமே வந்தால் பாதி எங்கோ போய்விட்டது என்று சந்தேகிக்கலாம். மெலிந்த முதியவர்களுக்கு இது இயல்பாகவே குறையும்.

புரதத்துக்காக மட்டும் என்றால் இன்று பலருக்கு இந்தச் சிரமம் தேவையில்லை. காலைச் சிறுநீர் ஒரு டப்பாவில் அல்புமின்–கிரியேட்டினின் விகிதம் பார்த்தால் போதும். ஒரு கிராம் கிரியேட்டினினுக்கு 30 மி.கி. அல்புமினுக்கு மேல் என்றால் கவனிக்க வேண்டியது. காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, முந்தைய நாள் கடும் உடற்பயிற்சி ஆகியவை இதைத் தற்காலிகமாகக் கூட்டும் என்பதால், ஒருமுறை கூடியதை வைத்து முடிவு கட்டாமல் திரும்பவும் பார்ப்பார்கள்.

கைக்குழந்தைகள், டியூப் போட்டவர்கள்

குழந்தைகளுக்கு ஒட்டும் பை வைப்பது எளிது. ஆனால் கல்ச்சருக்கு அது நம்பத்தக்கதல்ல. சிறுநீர் தோலின் மேல் ஓடித்தான் பைக்குள் போகிறது. பையில் எடுத்த கல்ச்சரில் எதுவும் வளரவில்லை என்றால் நம்பலாம். வளர்ந்தால் அதை மட்டும் வைத்து ஆன்டிபயாடிக் தொடங்கக் கூடாது. உறுதியாகத் தெரிய வேண்டுமென்றால் மருத்துவர் மெல்லிய டியூப் வழியே எடுப்பார். அதற்கு முன் ஒரு எளிய முயற்சி உண்டு: அடிவயிற்றின் கீழ்ப்பகுதியைக் குளிர்ந்த நீரில் நனைத்த காஸ் துணியால் வட்டமாகத் தேய்த்துக்கொண்டே, டப்பாவோடு காத்திருப்பது. 2017-இல் வெளியான மெல்போர்ன் ஆய்வில், இப்படிச் செய்தபோது 5 நிமிடத்துக்குள் 31 சதவீதக் குழந்தைகள் சிறுநீர் கழித்தன. வெறுமனே காத்திருந்தபோது 12 சதவீதம். டயப்பரையோ பஞ்சையோ பிழிந்து எடுப்பது கல்ச்சருக்கு ஆகாது.

யூரின் டியூப் போட்டிருப்பவருக்குத் தொங்கும் பையிலிருந்து ஒருபோதும் சாம்பிள் எடுக்கக் கூடாது. அது மணிக்கணக்கில் அறை வெப்பத்தில் தேங்கிய சிறுநீர். டியூபில் இருக்கும் சாம்பிள் முனைக்குக் கீழே சிறிது நேரம் கிளிப் போட்டு, முனையை ஸ்பிரிட்டால் தேய்த்துக் காயவிட்டு, புது சிரிஞ்சால் 10 மி.லி. உறிஞ்ச வேண்டும். பிறகு கிளிப்பை எடுக்க மறந்தால் சிறுநீர் வெளியே வடியாமல் உடலுக்குள் இருக்கும் சிறுநீர்ப்பைக்கே திரும்பும். டியூபைக் கழற்றி மாட்டுவது புதுத் தொற்றுக்கு வழி. டியூப் போட்டு 2 வாரத்துக்கு மேலாகியிருந்தால், புதிய டியூப் மாற்றி அதிலிருந்து எடுப்பதே சரி. பழையதன் சுவரில் படிந்த கிருமிப் படலம் வேறு கதை சொல்லும்.

பெயரும் மருந்தும்

பெயர், வயது, தேதி, எடுத்த நேரம் ஆகியவற்றை டப்பாவின் உடம்பில் ஒட்டுங்கள். மூடியில் ஒட்டினால், லேப்பில் நான்கு மூடிகளைத் திறந்ததும் எது யாருடையது என்ற கேள்வி வந்துவிடும். நேரம் எழுதாத சாம்பிளுக்கு இரண்டு மணி நேரக் கணக்கு போட முடியாது.

சாப்பிடும் மருந்துகளையும் சொல்லுங்கள். காசநோய்க்கான ரிஃபாம்பிசின் சிறுநீரை ஆரஞ்சு நிறமாக்கும். பி-காம்ப்ளெக்ஸ் பளிச்சென்ற மஞ்சளாக்கும். வைட்டமின் சி மாத்திரை அதிகம் எடுத்திருந்தால் ஸ்ட்ரிப்பில் சர்க்கரை, ரத்தம், நைட்ரைட் ஆகியவை இருந்தும் இல்லை என்று காட்டலாம்.

எல்லாவற்றிலும் பெரியது ஆன்டிபயாடிக். கல்ச்சர் சாம்பிளை முதல் மாத்திரைக்கு முன் எடுக்க வேண்டும். ஒரு வேளை மருந்து உள்ளே போனாலே சிறுநீரில் அது சேர்ந்து, தட்டில் ஒன்றும் வளராமல் போகலாம். மருத்துவர் சீட்டில் மருந்தும் கல்ச்சரும் ஒன்றாக எழுதியிருந்தால், மருந்துக் கடைக்குப் போகும் முன் லேப்புக்குப் போங்கள். ஏற்கெனவே சாப்பிட்டுவிட்டால் மறைக்க வேண்டாம். மருந்தின் பெயரையும் கடைசியாகச் சாப்பிட்ட நேரத்தையும் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். ரிப்போர்ட்டில் மூன்று, நான்கு வகைக் கிருமிகள் கலந்து வளர்ந்திருப்பதாக வந்தால், அநேகமாக அது தோலிலிருந்து கலந்தது. அந்த ரிப்போர்ட்டோடு மருத்துவரிடம் போய், இன்னொரு சாம்பிள் கொடுக்கலாமா என்று கேளுங்கள். கடுமையான காய்ச்சலோ இடுப்புக்கு மேலே முதுகு வலியோ இருந்தால் மட்டும் அதற்காகக் காத்திருக்காமல், சாம்பிளைக் கொடுத்த கையோடு சிகிச்சையைத் தொடங்கிவிட வேண்டும்.